தாயும் சேயும் நலம்

என் மகள் பிறந்த அன்று, டாக்டர் என் வயிற்றில் தையல் போட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே, வெளியே நின்றிருந்த என் கணவர் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டார். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். சொந்தக்காரர்கள் குழுவுக்கும், பால் சொசைட்டி குழுவுக்கும், அவருடன் பள்ளியில் படித்தவர்கள் குழுவுக்கும் அது போனது. கும்பிட்ட கைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. சேயைப் பற்றி அவர் எழுதியதில் குறை சொல்ல முடியாது. நல்ல எடை, நல்ல குரல். தாயைப் பற்றிய பகுதியை மட்டும் அனுப்புவதற்கு முன்னால் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அப்படிக் கேட்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அந்த வாக்கியம் எழுதப்பட்டே பல காலம் ஆகிறது. பிள்ளை பிறந்தால் எடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

நான் மலைக்காரி. இடுக்கியில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள். அம்மா கொழுந்து கிள்ளியே முதுகு வளைந்தவர். கல்லூரி முடித்ததும் காந்தலூரில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் வேலை கிடைத்தது. அங்கே எனக்கு முதலில் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏழு மணிநேரம் வண்டியில் வளைந்து வளைந்து வந்து, வாந்தியெடுத்து, சுடுதண்ணீர் வரவில்லை என்று கத்துகிற விருந்தாளியைப் பார்த்தும் சிரிக்க வேண்டும். பல் தெரிய வேண்டும், ஆனால் நிறையத் தெரியக் கூடாது. நான் அதில் கெட்டிக்காரி. என் கணவர் சொசைட்டி ஆட்களோடு சுற்றுலா வந்தவர். ரிசப்ஷனுக்கு வந்து, டீயில் இருக்கிற பால் பால் அல்ல என்று புகார் சொன்னார். நான் சிரித்தேன். அவரைப் பிடித்துப்போய் நான் சிரித்ததாக அவர் நினைத்துக்கொண்டார். பிறகு அது உண்மையாகவும் ஆனது. இரண்டு வீட்டிலும் கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள், பிறகு கல்யாணம் நடந்தது. நான் மலையிலிருந்து இறங்கி, பாலக்காடு மாவட்டத்து மீனாட்சிபுரம் பக்கத்தில் தென்னந்தோப்புக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் நடுவில் இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு மருமகளாக வந்தேன்.

பிரசவம் முடிந்து அந்த வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து எனக்கு ராஜ உபசாரம். காலையில் லேகியம், பிறகு பூண்டுக் குழம்பு, பிறகு இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளியல், பிறகு இன்னொரு லேகியம். தலையில் துணி கட்டியிருக்க வேண்டும். ஜன்னல் திறக்கக் கூடாது. போன் பார்த்தால் கண் கெட்டுவிடும். அழுதால் பால் கெட்டுவிடும். பாலைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. குழந்தையைப் பார்க்க வந்த ஒருவரும், நெருங்கிய சொந்தமோ, அடுத்த தோட்டத்துக்காரரோ, தேங்காய் பறிக்க வந்தவரின் மனைவியோ, என் முகத்தைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பார்வை நேராக நெஞ்சுக்கு இறங்கும். "பால் இருக்குதா?" அதுதான் முதல் கேள்வி. அந்த வீட்டில் அதே கேள்வியை அதே குரலில் தொழுவத்தைப் பார்த்தும் கேட்பார்கள் என்பதால் எனக்குச் சில நேரம் குழப்பமாக இருக்கும்.

தொழுவத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் பெற்ற அதே வாரம் வீட்டில் ஒரு கலப்பினப் பசுவும் ஈன்றது. இரண்டு நாள் கழித்து அது தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அடுத்த ஒரு மணி நேரத்தில் கால்நடை டாக்டர் வந்தார். என் கணவர் அதன் காதைத் தொட்டுப் பார்த்தார், மாமியார் அதன் கண்ணைப் பார்த்து "பாவம், வாய் இருந்தாச் சொல்லும்" என்றார். நான் உள்ளே கட்டிலில், வாயோடும், தொடாத சாப்பாட்டுத் தட்டோடும் உட்கார்ந்திருந்தேன். பசுவின் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அது குணமானதில் சந்தோஷம்தான்.

எனக்கு என்ன ஆயிற்று என்று அப்போது கேட்டிருந்தால் என்னாலும் சொல்லியிருக்க முடியாது. தூக்கம் வரவில்லை. குழந்தை தூங்கும்போது தூங்கிக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். குழந்தை தூங்கியது. நான் அது மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் பாசம் என்று மாமியார் பெருமையாகச் சொன்னார். பாசம் எங்கே இருக்கிறது என்று நான் உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தை எனக்கு, முன்பதிவு செய்து வந்து, எப்போது அறையைக் காலி செய்யும் என்று சொல்லாத ஒரு விருந்தாளி மாதிரி இருந்தது. நன்றாகக் கவனித்தேன். நேரத்துக்குப் பால், நேரத்துக்குத் துணி. என்ன தேவையென்றாலும் செய்து தரத் தயார். ஆனால் அது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு பயம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் என் கை என்ன செய்துவிடுமோ என்று ஒரு நினைப்பு. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்த பிறகு போகவே இல்லை. நான் பின்வாசலுக்குப் போவதை நிறுத்தினேன். அதன் பின் இன்னொரு நினைப்பு, முன்னதைவிட அமைதியானது. நான் இல்லாவிட்டால் இந்த வீடு இன்னும் நன்றாக நடக்கும். அழுகையோ ஆவேசமோ இல்லாமல், கணக்கு சரிபார்த்தது மாதிரி அது தோன்றியது.

மலையில் இருக்கும் அம்மாவிடம் போனில் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று. அம்மா சிரித்தார். "ஏட்டி, எல்லாருக்கும் அப்படித்தாம்டி. உன்னையப் பெத்துட்டு நான் என்னத்த தூங்குனேன்?" என்றார். பெற்ற உடம்போடு மலைச்சரிவில் கூடை சுமந்தவரிடம், கட்டிலில் லேகியம் சாப்பிடுகிற நான் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? போனை வைத்துவிட்டேன்.

அரசு சுகாதார சப் சென்டர் நர்ஸ் குழந்தையின் ஊசிக்காக வந்தபோது மலையாளத்தில் "சுகமாணோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு "சுகம்" என்ற ஒரு பதில்தான் எல்லோருக்கும் தெரியும். நான் ரிசப்ஷன் சிரிப்போடு அதைச் சொன்னேன். தூக்கம் எப்படி, அழுகை வருகிறதா என்று அவர் மேற்கொண்டும் கேட்டார், பாவம், கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்தார். என் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாக் கேள்விக்கும் எனக்காக நல்ல பதில்களாகச் சொன்னார். நானும் மாமியாரும் சேர்ந்து என்னை அந்தத் தேர்வில் முதல் வகுப்பில் தேற வைத்தோம்.

ஒரு மத்தியானம் அது நடந்தது. குழந்தையை மாமியாரின் மடியில் கொடுத்தேன். குளித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டி, தலை வாரி, கைப்பையை எடுத்துக்கொண்டு, மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். கோயிலுக்குப் போகிறேன் என்று மாமியார் நினைத்திருக்கிறார். தீட்டு கழியாமல் எப்படிப் போகலாம் என்று கூப்பிட்டுச் சொல்வதற்குள் நான் வாசலைத் தாண்டிவிட்டேனாம். தையல் இழுத்தது. வெயில். நிழற்குடையில் உட்கார்ந்து பொள்ளாச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் காலி கேன்களோடு குட்டியானை லோடு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த என் கணவர் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி வந்து எங்கே போகிறாய் என்று கேட்டார்.

"டூட்டிக்கு" என்றேன்.

வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்த நேரத்தில் உலகத்தில் எனக்குத் தெரிந்து நான் ஒழுங்காகச் செய்யக்கூடியது அது ஒன்றுதான். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு மாட்டைப் பற்றி எது கேட்டாலும் உடனே பதில் வரும். மனிதர்களைப் பற்றி என்றால் கொஞ்சம் நேரம் எடுக்கும். பஸ் ஒன்று வந்து நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. அது போன பிறகு, முன்னால் இருந்த ரோட்டைப் பார்த்தபடியே, "இங்கயே இருந்தா நான் செத்துப்போயிருவேன் போல இருக்குங்க" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. உனக்கு என்ன குறை வைத்தோம் என்றும் கேட்கவில்லை. நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அதுதான், பதிலையும் தயாராக வைத்திருந்தேன். "செரி, ஏறு" என்றார். வண்டியைத் திருப்பி, வீட்டில் யாரிடமும் கேட்காமல், பாலக்காட்டு டவுனுக்கு ஓட்டினார். பின்னால் பால் கேன்கள் வழி நெடுக மோதிக்கொண்டே வந்தன. போகும் வழியில் போன் செய்து, குழந்தையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வரும்படி தன் அம்மாவிடம் சொன்னார். இந்த மனிதர் மேல் எனக்கு ஆயிரம் புகார் உண்டு. 'செரி, ஏறு' என்ற அந்த இரண்டு வார்த்தைகளுக்காக எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளுபடி செய்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகக் கேட்டார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, கொஞ்சம் கடுமையாக இருக்கிறது, குழந்தையோடேயே சேர்த்து சில வாரம் இங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பால் கொடுக்கிற தாய்க்கு ஒத்துவரும் மாத்திரை எழுதினார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும் சொன்னார். மனநல வார்டு என்றதும் மாமியாருக்கு முகம் செத்துப்போனது. ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றார். என்ன ஆகும் என்று அவரே யோசித்து, அன்று மாலைக்குள் ஒரு கதையும் கட்டிவிட்டார். தையல் சீழ் பிடித்துவிட்டது. அடுத்த நாள் அது தொற்று ஆகியது. அதற்கடுத்து யாரோ விவரம் கேட்க, கிட்னிக்குப் பரவிவிட்டது. நான் டிஸ்சார்ஜ் ஆகும்போது எங்கள் ஊரைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கிட்னி மட்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என் இலையில் உப்புக் குறைவாகத்தான் வைக்கிறார்கள்.

என்னைக் கவனித்துக்கொண்ட சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் இடுக்கிதான், உடும்பஞ்சோலைக்காரி. ஏலத்தோட்டத்து வியாபாரக் குடும்பம். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். மனநல நர்சிங்கைத் தனிப் படிப்பாகப் படித்தவர். அன்பே உருவான தேவதை என்று யாராவது கற்பனை செய்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல. வேகமாக நடப்பார், வெடுக்கென்று பேசுவார், வார்டு டீயைக் குடித்துவிட்டு என் முன்னாலேயே முகம் சுளிப்பார்.

முதல் நாள் வந்து, உங்களை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு நான் எல்லோருக்கும் 'பாப்பாவோட அம்மா' ஆகியிருந்தேன். ஆஸ்பத்திரியில் வெறும் 'அம்மா'. என் பெயரைச் சொன்னேன். அதன் பிறகு அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நலம் விசாரித்தபோது நான் வழக்கம்போலச் சிரித்து, நன்றாக இருக்கிறேன் சிஸ்டர் என்றேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்றார். சொன்னேன்.

"அதான பாத்தேன்" என்றார். "நல்லா சிரிக்கிறீங்க. இங்க அது வேண்டாம். சிரிப்பு வரலன்னா சிரிக்காதீங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

எனக்கு முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. பல வருடமாக மேலே மாட்டி வைத்திருந்த ஒன்றை இறக்கி எங்கே வைப்பது? அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமியாரைக் கீழே மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"செத்துப்போகணும்னு தோணுதா? இல்ல, எங்கயாச்சும் காணாமப் போகணும்னு தோணுதா? ரெண்டும் வேற."

இரண்டும் என்றேன். பிறகு கிணற்றைப் பற்றியும் சொன்னேன். சொல்லிவிட்டு, இனி குழந்தையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து ஓடவில்லை. அந்த நினைப்பு எப்போது வரும், வந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டார். குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவேன் என்றேன்.

"அப்ப நீங்க அவளக் காப்பாத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க" என்றார். "இது சீக்கு. இதுக்குப் பேரு இருக்கு, மருந்து இருக்கு. சரியாகுற வரைக்கும் உங்க ரெண்டு பேரையும் தனியா விடமாட்டோம். டாக்டர்கிட்டயும் இத நான் சொல்லுவேன், உங்களுக்குத் தெரியாம இல்ல, சொல்லிட்டுத்தான்."

நான் அப்போதுதான் அழுதேன். பால் கெட்டுவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் வேறொன்று கேட்டார். முழுசாகக் குணமாவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், நேற்றைவிடக் கொஞ்சம் பரவாயில்லாத ஒரு நாள் என்றால் அது எப்படி இருக்கும்? எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டவர் வாயை அடைப்பதற்காக, "யாரும் என்கிட்ட பால் இருக்கான்னு கேக்காத ஒரு நாள்" என்றேன். அவர் சரி என்றார். அது கிண்டல் என்று அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்தேன். நன்றாகவே புரிந்திருக்கிறது. நேராக என் மாமியாரிடம் போய், நாளைக்கு முழுவதும் இந்த அறையில் பால் என்ற சொல்லை ஒருவரும் சொல்லக் கூடாது, இது சிகிச்சை என்றார். பால் வியாபாரத்தில் வாழ்கிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய சோதனை என்று சிஸ்டருக்குத் தெரியாது. அடுத்த நாள் என் மாமியார், அறைக்கு வந்த ஆயாக்களைக்கூட வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினார். என் கணவர் சொசைட்டியிலிருந்து வந்த போனை வராந்தாவின் கடைசிக்குப் போய்ப் பேசினார். அந்த நாளில் எனக்கு ஒன்றும் குணமாகிவிடவில்லை. ஆனால் நான் சொன்ன ஒன்று நடந்தது. பல வாரங்களில் அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றை நானே சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு டீயை ஆறுவதற்கு முன் முழுசாகக் குடிப்பது. தலைக்குக் குளித்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக் காயவைப்பது. தூக்கம் முக்கிய மருந்து என்று சொல்லி, நான் பிழிந்து வைக்கும் பாலை ஒரு வேளை சங்கில் ஊட்டும் பொறுப்பைச் சிஸ்டர் என் கணவரிடம் கொடுத்தார். அவர் பயந்தார். எத்தனையோ கன்றுகளுக்குப் புட்டியில் கொடுத்த கை, தன் மகளின் முன்னால் சங்கைக் கீழே வைத்துவிட்டது. சிஸ்டர் அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் நாளே அவர் எனக்கு ஊட்டும் முறை பற்றி அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சிஸ்டர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்றும் இல்லை. ஒருநாள், இதே வியாதி வந்து குணமான ஒரு பெண்ணை என்னிடம் பேச அழைத்து வந்தார். அந்தப் பெண் பளபளவென்று இருந்தாள். குழந்தை முதல்முதலாகச் சிரிக்கும்போது எல்லாக் கஷ்டமும் பஞ்சாகப் பறந்துவிடும் அக்கா என்றாள். என் குழந்தை அதற்கு முந்தைய நாள் சிரித்திருந்தது. நான் பார்த்தேன். ஒன்றும் பறக்கவில்லை. அவள் போன பிறகு நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மற்றவர்களுக்குப் பறந்துபோகிறது, எனக்குத்தான் இல்லை என்று தோன்றியது. சாயங்காலம் சிஸ்டர் வந்து கட்டிலருகே நின்றார்.

"அது என் தப்பு. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரிகளில் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதில் வேலை செய்கிற ஒருவர் தப்பு என்னுடையது என்று சொல்லி அதற்கு முன் கேட்டதில்லை. அதிர்ச்சியில் எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

குணமாவது எப்படித் தொடங்கியது என்றால், கோபத்தில். ஒரு காலையில் டீயில் சர்க்கரை அதிகம் என்று கத்தினேன். அதுவரை கஷாயத்தைக் கொடுத்தாலும் டீ என்று குடித்துக்கொண்டிருந்தவள். மாமியார் பயந்துபோய் சிஸ்டரைக் கூட்டி வந்தார். சிஸ்டர் சந்தோஷப்பட்டார். ருசி தெரிகிறது, கோபம் வருகிறது, நல்லது, இன்னும் திட்டுங்கள் என்றார். எனக்கு அந்த வசதி பிடித்திருந்தது. அடுத்தடுத்த நாட்களில் மின்விசிறியை, மெத்தையை, என் கணவரின் செருப்புச் சத்தத்தை என்று எல்லாவற்றையும் திட்டினேன். சேர்த்து வைத்திருந்தது நிறைய இருந்தது.

குழந்தை மேல் பாசம் வந்த கதையைக் கேட்க எல்லோருக்கும் ஆசை. மடை திறந்த வெள்ளம் மாதிரி எதையாவது சொன்னால் சந்தோஷப்படுவார்கள். நடந்தது இவ்வளவுதான். ஒரு மத்தியானம் சிஸ்டரும் மாமியாரும் பக்கத்தில் இருக்க, நான் குழந்தைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அது கையை வெடுக்கென்று இழுத்தது. சதையை வெட்டிவிட்டேனோ என்று பயந்துபோனேன். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெட்டவில்லை. அப்போது கவனித்தேன், இது அந்தப் பழைய பயம் இல்லை. பிள்ளை பெற்ற எவளுக்கும் வருகிற சாதாரணப் பயம். அவளுடைய சுண்டுவிரல் நகம் எவ்வளவு சின்னது என்பதையும் அன்றுதான் பார்த்தேன். மிச்ச ஒன்பது விரலையும் வெட்டி முடிக்க வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் சிஸ்டர் என் கணவரையும் மாமியாரையும் உட்கார வைத்துப் பேசினார். நானும் இருந்தேன். இது ஏன் வருகிறது, திரும்ப வந்தால் எப்படித் தெரியும், யாரைக் கூப்பிட வேண்டும், மாத்திரையை யார் சொல்லி நிறுத்த வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். இது திமிர் இல்லை, வளர்ப்பு சரியில்லாததாலும் இல்லை, மலைக்காரிகளுக்கு மட்டும் வருவதும் இல்லை என்றார். கடைசியில் சொன்னது யாருக்காக என்று எனக்குத் தெரிந்தது. மாமியார் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று சிஸ்டர் கேட்டதும், என் கணவர் இல்லை என்று எழுந்தார். மாமியார் எழவில்லை.

"ஏனுங் சிஸ்டர்" என்றார். "இவனப் பெத்தப்ப எனக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு. கொஞ்ச நாள் எங்கம்மா ஊட்டுல கொண்டுபோயி உட்டுட்டாங்க. பேய் புடிச்சுக்கிச்சுன்னு மந்திரிச்சாங்க. பொறவு தானாப் போயிருச்சு. அது போயிருச்சுங்களா, இல்ல உள்ளயே இருக்குதுங்களா?"

என் கணவர் நின்ற இடத்திலேயே நின்றார். இத்தனை வருடமும் அவர் அந்த வீட்டின் செல்லப்பிள்ளை. தான் பிறந்ததும் தாய் நலமாகத்தான் இருந்தார் என்ற எண்ணத்தில் வளர்ந்தவர். சிஸ்டர், அது போயிருக்கும், ஆனால் பேச வேண்டும் என்று தோன்றினால் எந்த நாள் வந்தாலும் பேசலாம் என்றார். மாமியார் தலையாட்டினார். இன்றுவரை பேசப் போகவில்லை. ஆனால் திரும்பும் வழியில் வண்டியில், நான் கேட்காமலே ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "காத்து வரட்டும் கண்ணு" என்றார். காற்றுப் பட்டால் ஜன்னி வரும் என்று அதுவரை சொல்லிவந்தவர்.

கதை இங்கே முடிந்தால் எல்லோருக்கும் வசதி. முடியவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் என் கணவரின் அத்தை ஒருவர் வந்தார். வைத்தியத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை, எதையும் படிக்காததால் எதுவும் அவரைக் குழப்புவதில்லை. மாத்திரை பாலில் இறங்கிப் பிள்ளை மந்தமாகிவிடும் என்றார். என் மூளையில் மிச்சமிருந்த பயத்துக்கு அது போதும். யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினேன். சில நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தூக்கம் போனது, சாப்பாடு போனது, ஒரு காலையில் பின்வாசலைப் பார்த்ததும் கால் நின்றது.

சிஸ்டர் சொன்ன நாளில் போன் செய்தார். நான் மணி மணியாகப் பேசினேன். எல்லாம் சிறப்பாகப் போகிறது சிஸ்டர், ரொம்ப நன்றி சிஸ்டர்.

"இப்பப் பேசுனது நீங்களா, ரிசார்ட்டா?" என்றார் சிஸ்டர்.

போனை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள், இல்லையென்றால் நீங்களே அவரிடம் சொல்லுங்கள், எது சௌகரியம் என்றார். நானே சொன்னேன். அன்றே டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை மீண்டும் தொடங்கியது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் பொறுமையாகத் திரும்பவும் விளக்கினார். அத்தை அடுத்த முறை வந்தபோது என் மாமியார் அவரைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போய், அங்கேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து, அங்கிருந்தே அனுப்பி வைத்தார். மரியாதைக்கு ஒரு குறைவும் வைக்கவில்லை.

மெல்ல மெல்ல நாட்கள் நாட்களாக ஆயின. ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டேன். பிறகு டாக்டர் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். என் அம்மா மலையிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கினார். வந்த நோக்கம் என்னைக் கவனித்துக்கொள்வது. ஆனால் பெரும்பாலான நேரம் என் மாமியாரோடு, ரசத்தில் பருப்புத்தண்ணீர் ஊற்றுவதா கூடாதா என்று சண்டை போடுவதில் போனது. ஊருக்குப் போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீ போன்ல சொன்னப்பவே எனக்கு வெளங்கலையேட்டி" என்றார். அவருக்கு யாரும் எப்போதும் எதையும் விளக்கியதில்லை. விட்டுவிடுங்கள் என்றேன். நான் இப்போது பொள்ளாச்சியில் ஒரு ஹோட்டலில் பகல் நேர வேலைக்குப் போகிறேன். ரிசப்ஷனில் அல்ல, கிச்சன் சாமான் வாங்கும் பிரிவில். அங்கே யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. கத்தரிக்காய்க்காரரிடம் முறைக்கலாம், சம்பளமும் கொடுக்கிறார்கள்.

சிஸ்டர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். நன்றாக வேலை செய்கிற நர்சுகளை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோமோ அப்படித்தான் அவரையும் வைத்துக்கொண்டோம். குளிரான ஊர் ஒன்றில், வேறு பாஷை பேசும் தாய்மார்களிடம் நேற்றைவிடக் கொஞ்சம் பரவாயில்லாத நாளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். பண்டிகைக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவார். அங்கே டீ இன்னும் மோசமாம்.

என் மகளுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. அதனால் சொந்தக்காரர்களுக்கு ஒரு புதுக் கவலை. அடுத்தது எப்போது, ஒன்றோடு நிறுத்தினால் பிள்ளை தனியாகிவிடும், அடுத்தது பையனாக இருக்கும். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, எதிர் வரிசையில் இருந்தவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே என்னிடம் அதையே கேட்டார். என் கணவர் பதில் தேட ஆரம்பித்தார், அவருக்கு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று வேண்டுமென்றால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தன்னிடம் வந்துவிட வேண்டும், அந்த வியாதி திரும்ப வரக்கூடும், வந்தால் முன்பே பிடித்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் பந்தியில் சொல்ல முடியாது.

என் மாமியார்தான் நிமிர்ந்தார். "அத அவதானுங்க சொல்லோணும்" என்றார். "பெக்கறது அவ. நீங்க பாயசம் வாங்கிக்கங்க."

அவர் வாங்கிக்கொண்டார். நானும் வாங்கிக்கொண்டேன். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. செய்தால் யாரிடம் முதலில் சொல்வது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். அந்தக் குளிரான ஊரில் இருப்பவர் என் கணவரின் வாட்ஸ்அப் குழுக்கள் எதிலும் இல்லை.